பி.ஏ.எஸ்.எல்.பி. படிப்புல பொண்ண சேக்கலாமா? இளம்பிள்ளை அண்ணா கேட்டதுக்கு என் பதில்

அண்ணா வணக்கங்க. உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு பிளஸ் டூ பயாலஜி குரூப், நீட்ல மார்க் பத்தல, பாராமெடிக்கல் டிகிரி கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணிருக்கீங்க, அந்த லிஸ்ட்ல பி.ஏ.எஸ்.எல்.பி.ன்னு ஒண்ணு (பேச்சிலர் இன் ஆடியாலஜி அண்ட் ஸ்பீச் லாங்வேஜ் பேத்தாலஜி, காது கேக்கறதையும் பேச்சையும் பத்தின டிகிரி) அவ கண்ணுல பட்டு அதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, சொந்தக்காரங்க "அது ஊமைப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தர்ற வேலை, பேசாம நர்சிங்ல போடு"ங்கறாங்க, அமெரிக்காவுல இருக்கற மச்சான் பையன் "இங்க அந்த டிகிரிய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டான், நீங்க இளம்பிள்ளையில தறி ஓட்டற ஆளு, நாலு வருஷத்துக்குப் பணம் போடறதுக்கு முன்னாடி உண்மை தெரியணும். சரிதானுங்களே? நான் இதே படிப்ப முடிச்சு 12 வருஷமா சேலத்துலதான் வேலை பாக்கறேன், அதனால எனக்குத் தெரிஞ்சத முழுசா சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொண்ணையும் பக்கத்துல உக்கார வச்சுப் படிங்க.

முதல்ல அந்த ஊமைங்கற வார்த்தைய விட்ருவோம். எங்கிட்ட பேச்சு வரலன்னு தூக்கிட்டு வர்ற குழந்தைங்கள்ல நெறைய பேருக்கு நாக்குலயோ தொண்டையிலயோ ஒரு குறையும் இருக்காது, காது கேக்காது, கேக்காததால பேச்சு எப்படி இருக்கும்னே அதுக்குத் தெரியாது, அவ்ளோதான். அந்தக் குழந்தைக்கு ஸ்கூல்ல பாடம் எடுக்கறது ஸ்பெஷல் எஜுகேஷன் படிச்ச டீச்சர், அது தனிப் படிப்பு. காதுக்கு மருந்து, ஆபரேஷன் எல்லாம் இ.என்.டி. டாக்டர். எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு அளக்கறது, மிஷின் பொருத்தி அத அந்தக் காதுக்கு ஏத்தமாதிரி செட் பண்றது, அப்புறம் மாசக்கணக்குல உக்காந்து பேச்ச வரவழைக்கறது, இது எங்க வேலை. அதுமட்டும் இல்லைங்க, பக்கவாதம் வந்து பேச்சு போனவங்க, திக்குவாய், ஆட்டிசம் உள்ள குழந்தைங்க, பிளவு அண்ணம் ஆபரேஷன் பண்ணின குழந்தைங்க, கத்திக் கத்திக் குரல் கம்மிப்போன டீச்சருங்க, தண்ணி குடிச்சா புரையேறுற வயசானவங்க, இவங்க எல்லாருமே எங்க ரூமுக்குத்தான் வருவாங்க. காதப் பாக்கற ஆடியாலஜி ஒரு தொழில், பேச்சப் பாக்கற ஸ்பீச் லாங்வேஜ் பேத்தாலஜி இன்னொரு தொழில், இந்தியாவுல ரெண்டையும் ஒரே டிகிரியில வச்சுப் படிக்க வைக்கறாங்க, அதான் பேரு அவ்ளோ நீளம்.

படிப்பு நாலு வருஷம். மூணு வருஷம் வகுப்பும் கிளினிக்கும், கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருக்கணும், கூட பயாலஜியோ மேத்ஸோ இல்ல கம்ப்யூட்டர் சயின்ஸோ இருந்தாலும் போதும், அதனால உங்க பொண்ணுக்குத் தகுதில பிரச்சினை இல்ல. ஆனா பயாலஜி புள்ளைங்க ஒரு விஷயத்துல ஏமாந்து போவாங்க, முதல் வருஷம் உடற்கூறு மட்டும் இருக்கும்னு நெனச்சு வருவாங்க, வந்து பாத்தா சத்தத்தோட பிசிக்ஸ், சத்தத்த அளக்கற டெசிபல் கணக்கு, லாகரிதம், எலக்ட்ரானிக்ஸ், மொழியியல், சைக்காலஜின்னு எல்லாம் வரிசையா நிக்கும். நானும் முதல் செமஸ்டர்ல அழுதிருக்கேன். டெசிபல் மட்டும் ஒழுங்கா புரிஞ்சிருச்சுன்னா பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்தப் படிப்பு பூரா இங்கிலீஷ்ல இருக்கும், வேலை பூரா தமிழ்ல இருக்கும். புத்தகம், பரீட்சை, கேஸ் ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ், ஆனா முன்னாடி உக்காந்திருக்கறது வாழப்பாடியில இருந்து வந்த பாட்டி, அவங்க பேரன் பேசறது வாழப்பாடித் தமிழ். டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் யாருக்கும் நோயாளியோட பாஷை தெரிஞ்சா நல்லது, தெரியலன்னாலும் ரத்தம் ரத்தம்தான். எங்களுக்கு அப்படி இல்ல, அந்தப் பாஷையேதான் நாங்க கைய வச்சுப் பாக்கற உறுப்பு. இத நெறைய காலேஜ்ல அழுத்திச் சொல்லித்தர்றது இல்ல, படிச்சு முடிச்ச புள்ளைங்க வேலைக்கு வந்து முழிக்கறத நான் கண்ணால பாத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ தூரம் எழுதறேன்.

ஒரு உதாரணம் சொல்றேன். அயோத்தியாப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு மூணரை வயசுப் பையன், காக்காவக் காமிச்சா "தாத்தா"ங்கறான், தாத்தாவக் காமிச்சாலும் "தாத்தா"ங்கறான், வீட்டுல எல்லாரும் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. அவனுக்கு நாக்கோட பின்பக்கம் மேல போய் அண்ணத்துல முட்டற பழக்கம் வரல, எல்லாத்தையும் நுனி நாக்குல பல்லுகிட்ட வச்சே முடிச்சுக்கறான். இங்கிலீஷ் புத்தகத்துல இதுக்கு ஒரு பேர் இருக்கும், உதாரணமும் இங்கிலீஷ்லதான் இருக்கும். ஆனா தமிழ்ல "க" எழுத்து ஒண்ணுதான், சத்தம் ஒண்ணு இல்ல. "காக்கா"வுல வர்ற க வேற, "தங்கம்"ல வர்ற க வேற, "பகல்"ல வர்றது கிட்டத்தட்ட மூச்சுக்காத்து. நாம பொறந்ததுல இருந்து பேசறோம், ஆனா ஒருத்தர் நிறுத்திச் சொல்ற வரைக்கும் காதுல விழாது. எந்த வார்த்தைய வச்சு அவனுக்கு ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ண இது தெரியணும். நான் "பகல்" மாதிரி வார்த்தைய எடுத்தேன்னா அவன் நாக்கு முட்டவே வேண்டியதில்ல, பயிற்சி வீண். "அக்கா", "பாக்கு", "சக்கர"ன்னு நல்லா அழுத்தி முட்டற வார்த்தையா பொறுக்கணும். அவன மல்லாக்கப் படுக்க வச்சேன், படுத்தா நாக்கு தானா பின்னாடி சரியும், நுனி நாக்க லேசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு "அக்"னு சொல்ல வச்சேன். மொதல்ல கொப்பளிக்கற மாதிரி ஒரு சத்தம்தான் வந்துச்சு. ஏழு வாரம் ஆச்சுங்க. ஏழாவது வாரம் அவங்க வீட்டுத் தாழ்வாரத்துல காக்காவுக்குச் சோறு வச்சப்போ அவனே "க்கா.. க்கா"ன்னு கூப்பிட்டானாம், அவங்கம்மா போன்ல பதிவு பண்ணி அனுப்பிருந்தாங்க, அந்த ஆடியோ இன்னும் என் போன்ல இருக்கு.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. "என் பையனுக்கு ழ வரல, வாழப்பழத்த வாளப்பளம்ங்கறான்"னு கூட்டிட்டு வருவாங்க. அப்பா பேசறதக் கேட்டா அவரும் வாளப்பளம், பாட்டியும் வாளப்பளம், தெருவே வாளப்பளம். அந்தக் குழந்தைக்குக் கோளாறே இல்லைங்க, அவன் சுத்தி இருக்கறவங்க பேசறத அப்படியே சரியாக் கத்துக்கிட்டான். இதக் கோளாறுன்னு எழுதி ஆறு மாசம் தெரபி குடுத்துக் காசு வாங்கறது பாவம். வேறுபாடு எது, கோளாறு எதுன்னு பிரிக்கறதுதான் இந்தப் படிப்போட உயிர், அதுக்கு நம்ம ஊர்ப் பேச்ச மட்டமா பாக்காத மனசு வேணும். உங்க பொண்ணு ஸ்கூல் இலக்கணத்துல எழுத்துகளின் பிறப்பு படிச்சிருப்பா, வல்லினம் மார்புல, மெல்லினம் மூக்குலன்னு மனப்பாடம் பண்ணிருப்பா, அத மறக்க வேணாம்னு சொல்லுங்க, ஃபோனெட்டிக்ஸ் வகுப்புல நாக்கு எங்க படுது, காத்து எங்க போகுதுன்னு வர்றப்போ அவளுக்கு ஏற்கனவே பாதி தெரிஞ்சதுதான்.

முழுங்கறதப் பத்தியும் சொல்லணும், ஏன்னா வெளிய யாருக்கும் இது எங்க வேலைன்னே தெரியாது. பக்கவாதம் வந்தவங்கள்ல நெறைய பேருக்கு சோத்த விட தண்ணிதான் ஆபத்து. தண்ணி வேகமா ஓடும், தொண்டை மூடறதுக்குள்ள மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், அது நுரையீரல்ல தங்கி நிமோனியா ஆயிரும். அதனால எந்தப் பதத்துல குடுத்தா பத்திரமா எறங்கும்னு பாத்துச் சொல்லணும். புத்தகத்துல தேன் பதம், புட்டிங் பதம்னு இருக்கும். ஆத்தூர்ல இருந்து வந்த ஒரு அம்மாகிட்ட புட்டிங் பதம்னா என்ன புரியும்? நான் வீட்டுல என்ன செய்வீங்கன்னு கேப்பேன், ராகிக் கூழ், கம்மங்கூழ், கொழஞ்ச பருப்பு சாதம்னு சொல்வாங்க, கரண்டிய சாய்ச்சா சொட்டுச்சொட்டா விழணுமா இல்ல பொத்துன்னு விழணுமான்னு அவங்க முன்னாடியே கரைச்சுக் காமிப்பேன். ரசத்த மட்டும் ஊத்திக் குடுத்துராதீங்கன்னு மூணு தடவ சொல்வேன், ஏன்னா நம்ம ஊர்ல உடம்பு சரியில்லன்னா மொத கையே ரசத்துக்குத்தான் போகும்.

ஏற்காட்டு கேம்ப் ஒண்ணு எனக்கு மறக்கவே மறக்காது. படிக்கறப்போ இன்டர்ன்ஷிப்ல மலை மேல ஒரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சேலத்துல இருந்து ஏற்காடு பஸ் ஏறினா அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் காது அடைக்கும் விடும், இது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஏன்னு அன்னிக்குத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது. காது ஜவ்வுக்குப் பின்னாடி ஒரு சின்ன அறை இருக்கு, அதுல காத்து இருக்கு, அந்த அறைக்கும் மூக்குக்குப் பின்னாடிக்கும் நடுவுல ஒரு குழாய். மேல போகப்போக வெளிக்காத்தோட அழுத்தம் கொறையும், உள்ள இருக்கறது குழாய் வழியா தானா வெளிய வந்துரும். இறங்கும்போது அப்படி இல்ல, நாம எச்சில் முழுங்கியோ கொட்டாவி விட்டோதான் குழாயத் தெறக்கணும், அதான் இறங்கும்போது ஜாஸ்தி அடைக்குது. சின்னக் குழந்தைங்களுக்கு அந்தக் குழாய் குட்டையாவும் படுக்கையாவும் இருக்கும், சளி பிடிச்சா சுலபமா அடைச்சுக்கும், உள்ள நீர் கோத்துக்கும். அந்தக் குழந்தைக்கு முழுச் செவிடு இல்ல, ஆனா காதுல பஞ்சு வச்ச மாதிரிதான் கேக்கும். டீச்சர் "கவனிக்கவே மாட்டேங்கறான்"னு பின்பெஞ்சுல போட்ருவாங்க, அங்க இன்னும் கேக்காது. அன்னிக்கு அப்படி பின்பெஞ்சுல இருந்தே நாலு பேரக் கண்டுபிடிச்சோம். ரெண்டு பேருக்கு காதுல சீழ், வீட்டுல வெதுவெதுன்னு எண்ணெய் ஊத்தியிருந்தாங்க. தயவுசெஞ்சு காதுல எண்ணெய் ஊத்தாதீங்கண்ணா, யாருக்கும் ஊத்தாதீங்க.

அதே கேம்ப்ல பேச்சு டெஸ்ட்டும் வச்சிருந்தோம். படம் காமிச்சு பேரு சொல்லச் சொல்ற கார்டு, நகரத்துல தயாரிச்சது. "ப்ப" சத்தத்துக்குக் கப்பல் படம். சேர்வராயன் மலையில பொறந்து வளர்ந்த மலையாளிங்கற பழங்குடிச் சமூகத்துக் குழந்தைங்க (கேரளாக்காரங்க இல்ல), அவங்க தமிழே தனி வாசம், கப்பல எங்க பாத்தாங்க? சொல்லத் தெரியாம நின்னுச்சு ஒரு பொண்ணு, என் கூட வந்தவ "பதில் இல்லை"ன்னு தப்பு போட்டுட்டா. எங்க மேடம் அந்தப் பேப்பர வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, வெளிய கூட்டிட்டுப் போய் காப்பிச் செடி, சப்பாத்தி, தொப்பின்னு கண்ணு முன்னாடி இருக்கறதக் காமிச்சுக் கேட்டாங்க, அந்தப் பொண்ணு கடகடன்னு எல்லாம் சொல்லிருச்சு. நாலு வருஷப் படிப்புல எனக்குக் கிடைச்ச பெரிய பாடம் அந்தக் கிழிச்ச பேப்பர்தான்.

இனி உங்களுக்கே நேரா சம்பந்தமான ஒண்ணு சொல்றேன், ஆடியாலஜி பக்கம். தறிப்பட்டறையில பக்கத்துல நிக்கற ஆளுகிட்ட பேசணும்னா கத்தணும், இல்லைங்களா? கை நீட்டினா தொடற தூரத்துல இருக்கறவர்கிட்ட கத்தித்தான் பேச முடியுதுன்னா அங்க சத்தம் 85 டெசிபலத் தாண்டிருச்சுன்னு அர்த்தம். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதுக்கு மேல 3 டெசிபல் ஏறினா நேரம் பாதியாக் கொறையணும். 88ல நாலு மணி நேரம், 91ல ரெண்டு மணி நேரம், 100ல வெறும் கால் மணி நேரம். 3 டெசிபல்னா சின்ன நம்பர் மாதிரி தெரியும், ஆனா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு ஆயிருக்கும், முன்னாடி சொன்ன லாகரிதம் இதுதான். உள்காதுல நத்தை மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு, அதுல ஏறக்குறைய 15,000 முடி செல், ஒருதடவ செத்தா திரும்ப முளைக்காது. முதல்ல அடிபடறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுன்னு இருக்கற மேல் அலைவரிசைச் சத்தத்தப் பிடிக்கற செல்லுங்க. ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு காமிக்கற சார்ட், எடுத்தா தறிக்காரங்க, ஸ்டீல் வேலைக்காரங்க சார்ட்ல அந்த எடத்துல மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், பாத்த உடனே "எத்தன வருஷமா தறி ஓட்டறீங்க"ன்னு கேட்டுருவேன். அவங்க சொல்ற வார்த்தை ஒரே மாதிரி இருக்கும்: "கேக்குதும்மா, ஆனா புரிய மாட்டேங்குது." ஏன்னா உயிரெழுத்துச் சத்தம் கீழ் அலைவரிசையில இருக்கும், அது கேக்கும். "ச", "ஸ்" மாதிரி மெல்லிசா சீறுற மெய்ச்சத்தம் மேல இருக்கும், அது போயிருச்சுன்னா வார்த்தைக்கு எலும்பு இல்லாம வெறும் சதையா கேக்கும். வீட்டுல பொண்டாட்டி "வேணும்னே காதுல வாங்க மாட்டேங்கறாரு"ம்பாங்க, அவரு பாவம் நெசமாவே புரியாம உக்காந்திருப்பாரு.

காது அப்படின்னா மூளை இன்னொரு அதிசயம். செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப்பட்டறை வச்சிருந்த ஒருத்தர், பக்கவாதத்துக்கு அப்புறம் சம்சாரம் பேரு கூட வராது, சொல்லணும்னு மூஞ்செல்லாம் வேர்த்துரும். ஆனா ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஆரம்பிச்சுக் குடுத்தா பத்து வரைக்கும் சொல்லிருவாரு, கால் இடிச்சுக்கிட்டா "முருகா"ன்னு தெளிவா வந்துரும். பழக்கத்துல வர்ற பேச்சு வேற, யோசிச்சுக் கோக்கற பேச்சு வேற, மூளைக்குள்ள ஒரே எடம் இல்ல. 1861ல பாரிஸ்ல பால் ப்ரோகான்னு ஒரு டாக்டர்கிட்ட ஒரு நோயாளி இருந்தாரு, எது கேட்டாலும் "டான்"ங்கற ஒரு சத்தம்தான் வரும், அவரு எறந்ததுக்கு அப்புறம் மூளையப் பாத்து இடப்பக்க முன்மூளையில அடிபட்டிருக்குன்னு ப்ரோகா காமிச்சாரு. இத நான் படிச்சப்போ கதை மாதிரி இருந்துச்சு, செவ்வாய்ப்பேட்டைக்காரர் முன்னாடி உக்காந்தப்போதான் அது கதை இல்லன்னு தெரிஞ்சுது. அவருகூட பட்டறை வார்த்தையிலயே ஆரம்பிச்சேன், கொலுசு, திருகு, மெருகு, கம்பி. சம்சாரம் பேரு வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சு.

சரி, காலேஜ். கட்டடம், ஏசி வகுப்பு, ஹாஸ்டல் சாப்பாடு இதெல்லாம் ரெண்டாவது. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கிளினிக்ல ஒரு நாளைக்கு எத்தன பேர் வர்றாங்க, அதுல ஒரு ஸ்டூடண்ட் கைக்கு எத்தன பேர் வருவாங்க? நோயாளி வராத காலேஜ்ல படிச்சா பொம்மைக்குத் தெரபி குடுத்துட்டு வெளிய வந்த மாதிரி. ஆஸ்பத்திரியோட ஒட்டின காலேஜ்னா பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இருக்காது. சென்னையில போரூர் ராமச்சந்திரா, மெர்ஃப் (மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷன்), முட்டுக்காட்டுல மத்திய அரசோட என்.ஐ.இ.பி.எம்.டி. (பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம்), வேலூர் சி.எம்.சி., இதெல்லாம் விசாரிங்க. மைசூர்ல அய்ஷ்னு (ஆல் இந்தியா இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்பீச் அண்ட் ஹியரிங்) மத்திய அரசு நிறுவனம் இருக்கு, 1965ல ஆரம்பிச்சது, இந்தத் துறைக்கு நாட்டுலயே தாய்வீடு மாதிரி, ஃபீஸ் தனியார விட ரொம்பக் கம்மி, அவங்க தனியா நுழைவுத்தேர்வு வைப்பாங்க. ஆனா அங்க கிளினிக்ல கன்னடம் ஜாஸ்தி, அதுக்கும் அவ தயாரா இருக்கணும், இன்னொரு பாஷையக் காதால கத்துக்கறது இந்தத் தொழிலுக்கு நல்லதுதான், பயப்பட வேணாம். அப்ளை பண்ற தேதி, தேர்வு முறை எல்லாம் அந்தந்த வருஷ நோட்டிஃபிகேஷன்ல பாத்துக்கோங்க.

எந்தக் காலேஜா இருந்தாலும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இந்தக் கோர்ஸுக்கு, இந்த வருஷத்துக்கு இருக்கான்னு கண்ணால பாத்துட்டுத்தான் பணம் கட்டணும். ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, 1992 சட்டப்படி வந்தது. அதுல ரெஜிஸ்டர் பண்ணி நம்பர் வாங்கினாத்தான் தொழில் பண்ண முடியும், இல்லாம பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. வேற வேற பேர்ல ஒரு வருஷ டிப்ளமோ, மூணு மாச சர்டிபிகேட்னு எல்லாம் விளம்பரம் வரும். டிப்ளமோ உதவியாளர் வேலைக்கு, டிகிரிக்குச் சமம் இல்ல, குழப்பிக்காதீங்க.

வேலை கிடைக்குமான்னா கிடைக்கும். இ.என்.டி. ஆஸ்பத்திரி, குழந்தைங்க ஆஸ்பத்திரி, சிறப்புப் பள்ளிகள், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல இருக்கற ஆரம்பநிலை இடையீட்டு மையம், ஹியரிங் எய்ட் கம்பெனி, சொந்த கிளினிக். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல சின்னக் குழந்தைங்களுக்கு காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதுல மிஷின் வைக்கற ஆபரேஷன் பண்றாங்க, ஆனா ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே பேச்சு வந்துராது, சுவிட்ச் போட்டதுக்கு அப்புறம் வருஷக்கணக்குல தெரபி வேணும், அதுக்கு ஊருக்கு ஊர் ஆள் வேணும். மேட்டூர், எடப்பாடியில இருந்தெல்லாம் வாரத்துக்கு ரெண்டு தடவ பஸ் ஏறி சேலம் வர்ற அம்மாக்கள் இருக்காங்க, கைக்குழந்தையோட, தறி வேலைய விட்டுட்டு. பொறந்த குழந்தைக்கு ஒரு மாசத்துக்குள்ள காது சோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம், இதுதான் இந்தத் துறையோட கணக்கு. சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல பரம்பரையா வர்ற காது கேளாமைக்கு வாய்ப்பு ஜாஸ்தி, நம்ம பக்கம் அத்த மகன், மாமன் மகள்னு கட்டறது இன்னும் இருக்கு, அந்த வீடுகள்ல இந்தச் சோதனைய தள்ளிப்போடவே கூடாது. ஆனா ரெண்டு மூணு வயசுக்கு அப்புறம் கூட்டிட்டு வர்றவங்கதான் எங்கிட்ட அதிகம், "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு காத்திருந்து போன காலம் அது. அதத் திருப்பிக் குடுக்க யாராலயும் முடியாது.

சம்பளத்தப் பத்தி மறைக்க விரும்பல. நான் சேந்தப்போ மாசம் 14,000, வீட்டுல எல்லாரும் முகம் சுளிச்சாங்க. முதல் ரெண்டு வருஷம் கஷ்டம், கை பழகினதுக்கு அப்புறம் நல்லா வரும். என் மொத வேலை ஒரு ஹியரிங் எய்ட் கடையில, மாசத்துக்கு இத்தன மிஷின் விக்கணும்னு டார்கெட். ஒரு தாத்தா வந்தாரு, காதுல அழுக்கு கல்லு மாதிரி அடைச்சிருந்துச்சு, டாக்டர்கிட்ட எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன், எடுத்ததும் நல்லா கேட்டுருச்சு, மிஷினே தேவப்படல. மேனேஜர் என்னக் கூப்பிட்டுத் திட்டினாரு. நாலாவது மாசம் வேலைய விட்டுட்டேன். எல்லாக் கடையும் அப்படி இல்ல, ஆனா உங்க பொண்ணு முதல் வேலை பாக்கறப்போ "டார்கெட் உண்டா"ன்னு கேட்டுட்டுச் சேரட்டும்.

உங்க மச்சான் பையன் சொன்னது அமெரிக்காவுக்குச் சரிதான். அங்க இதே படிப்புக்கு கம்யூனிகேஷன் சயின்சஸ் அண்ட் டிஸார்டர்ஸ்னு பேரு, பேச்சிலர்ஸ் அங்க அஸ்திவாரம் மட்டும்தான். ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகணும்னா மாஸ்டர்ஸ் முடிக்கணும், 400 மணி நேரம் கிளினிக் காமிக்கணும், பரீட்சை எழுதணும், அப்புறம் ஒரு பயிற்சிக்காலம் முடிக்கணும். ஆடியாலஜிக்கு பேச்சிலர்ஸுக்கு மேல பெரும்பாலும் நாலு வருஷ டாக்டரேட். அங்க பேச்சிலர்ஸ்ல வகுப்புதான் அதிகம், நோயாளியத் தொடறது கம்மி. இங்க இந்த டிகிரியிலயே கிளினிக் இருக்கு, ஆர்.சி.ஐ. நம்பர் வாங்கிட்டா தனியாவே தொழில் பண்ணலாம். அதனால அவன் அங்க பாத்தத வச்சு இங்க தப்புக் கணக்கு போட்டிருக்கான். வெளிநாடு போற எண்ணம் இருந்தா இங்க முடிச்சுட்டு எம்.எஸ்ஸி. ஆடியாலஜியோ ஸ்பீச்சோ எடுக்கறப்போ யோசிக்கலாம், ஆனா ஒரு விஷயம் அவளுக்குத் தெரியணும், அங்க போனா அந்த ஊரு இங்கிலீஷோட கொச்சையையும் இதே மாதிரி காதால கத்துக்கணும்.

நர்சிங்கா இதுவான்னு கேட்டீங்க. நர்சிங் நல்ல படிப்பு, வேலை சீக்கிரம் கிடைக்கும், அத மட்டமா சொல்ல மாட்டேன். உங்க பொண்ணு எப்படிப்பட்டவன்னு பாருங்க. ஒருத்தர் திக்கினா வார்த்தைய எடுத்துக் குடுக்காம இருப்பாளா? அது ரொம்பக் கஷ்டங்க. ஓமலூர் பக்கத்துல ஒரு காலேஜ் பையன் எங்கிட்ட வந்தான், பஸ்ல கொண்டலாம்பட்டின்னு சொல்ல முடியாது, "கொ"வுலயே நின்னுரும், பின்னாடி ஆளுங்க முறைப்பாங்க, அதனால சுலபமா வாய்ல வர்ற அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி அங்க எறங்கி நடந்தே திரும்பி வருவானாம், ரெண்டு வருஷமா. மொத நாள் அவன் பேரச் சொல்ல எடுத்துக்கிட்ட நேரம் பூரா நான் அவன் கண்ணப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன். முடிச்சதும் "மேடம், நான் முழுசா பேரு சொல்லி ரொம்ப நாளாச்சு"ன்னான். அந்தச் சும்மா இருக்கற நேரத்த யாரும் பரீட்சையில கேக்க மாட்டாங்க, ஆனா அது வராதவங்களுக்கு இந்தத் தொழில் ரெண்டே வருஷத்துல சலிச்சுரும். ஒரு "க"வுக்கு ஏழு வாரம், ஒரு பேருக்கு நாலு மாசம், இந்த வேகம்தான் இங்க.

அதனால கவுன்சிலிங்ல சாய்ஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க. பொண்ண ஒரு நாள் ஏதாவது ஒரு கிளினிக்ல உக்கார வைங்க, எங்கிட்டன்னாலும் சரி, குழந்தையோட அம்மாகிட்ட கேட்டுட்டு ஓரமா உக்காந்து பாக்கட்டும், காலைல பத்து மணில இருந்து மதியம் வரைக்கும். போன எடுக்காம பாக்கறாளா, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தக் குழந்தைங்களப் பத்திப் பேசறாளான்னு பாருங்க. கூட நீங்களும் வாங்கண்ணா. அன்னிக்குத் தறி ஓட்ட வேணாம், முந்தின நாள் சாயங்காலமே நிறுத்திருங்க, தறிச் சத்தத்துல இருந்து நேரா வந்தா காது மரத்துப் போயிருக்கும், அளவு தப்பா வரும். வெளிய பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கட்டும், உள்ள கண்ணாடி ரூம்ல உங்களுக்கு ஹெட்போன் மாட்டி 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8000 வரைக்கும் எடுத்துப் பாத்துருவோம்.